சதைக்குக் காசா, தண்ணிக்குக் காசா? நண்டு, இறால், சிப்பி வாங்கும் முன் பருவத்தைக் கவனியுங்க!

போன மாதம் வாங்கிய நண்டில் சதை திரண்டு இருந்தது. இந்த வாரம் அதே கடை, அதே விலை. ஆனால் காலை உடைத்தால் தண்ணிதான் கொட்டுகிறது. உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர் மீது தப்பில்லை. அந்த நண்டு வேறொரு பருவத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாம்பழத்துக்கு சீசன் உண்டு என்பது நமக்குத் தெரியும். நண்டு, இறால், கணவாய், சிப்பி, மட்டி, ஆளி ஆகிய முதுகெலும்பில்லாத கடல் உணவுகளுக்கும் அப்படி ஒரு சீசன் இருக்கிறது. அவை எப்போது இனப்பெருக்கம் செய்கின்றன, எப்போது ஓடு கழற்றுகின்றன, எப்போது மழை வெள்ளம் கடலில் கலக்கிறது என்பதைப் பொறுத்து, உங்கள் தட்டுக்கு வரும் சத்தும் மாறுகிறது. சில சமயம் சத்து மட்டுமில்லை, பாதுகாப்பும் மாறுகிறது. தமிழ்நாட்டின் 14 மாவட்டங்கள் கடலோரத்தில் இருக்கின்றன. கடலோரத்தில் இல்லாத ஊர்களுக்கும் இன்று ஐஸ் பெட்டியில் கடல் உணவு வந்துவிடுகிறது. அதனால் இது எல்லோருக்குமான தகவல்தான்.

எது மாறும்? எது மாறாது?

முதலில் ஒரு நல்ல செய்தி. இவற்றில் இருக்கும் புரதம் பருவத்தைப் பொறுத்துப் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. 100 கிராம் இறால் அல்லது நண்டுச் சதையில் சுமார் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கும். கணவாயில் சுமார் 15 முதல் 16 கிராம். சிப்பி இறைச்சியில் 10 முதல் 12 கிராம். கொழுப்பு எல்லாவற்றிலும் குறைவு, பொதுவாக 1 முதல் 2 கிராம்தான். சிப்பியிலும் ஆளியிலும் வைட்டமின் பி12 ஏராளம். 100 கிராம் சாப்பிட்டாலே ஒரு நாளின் தேவையைப் போலப் பல மடங்கு கிடைத்துவிடும். ஆளியில் துத்தநாகச் சத்தும், சிப்பியில் இரும்புச் சத்தும் நன்றாக இருக்கின்றன.

அப்படியானால் மாறுவது எது? மூன்று விஷயங்கள்.

ஒன்று, தண்ணீரின் அளவு. உடம்பில் சேமிப்பு குறையும்போது அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். எடை குறையாது, சதை குறையும்.

இரண்டு, கொழுப்பு. இதன் அளவு சிறியதுதான். ஆனால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 இதற்குள்தான் இருக்கிறது. முட்டை உருவாகும் காலத்தில் இது கூடும், முட்டையிட்டதும் இறங்கும்.

மூன்று, கிளைகோஜன். நாம் சாப்பாட்டை அரிசியாகச் சேமிக்கிற மாதிரி, சிப்பியும் ஆளியும் தங்கள் சக்தியை கிளைகோஜன் என்ற மாவுச்சத்தாகச் சேமிக்கின்றன. நல்ல சீசனில் சிப்பி லேசாக இனிப்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், சத்தின் வகை அவ்வளவாக மாறுவதில்லை. நீங்கள் கொடுக்கும் காசுக்கு எவ்வளவு சத்து கிடைக்கிறது என்பதுதான் மாறுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு முழு நண்டில் சாப்பிடக்கூடிய சதை சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஓடும் தண்ணீரும். கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதை திரண்ட நண்டு என்றால் சுமார் 330 கிராம் சதை கிடைக்கும். அதாவது 100 கிராம் சதையின் விலை சுமார் 180 ரூபாய். அதே விலையில் வாங்கிய நண்டில் ஐந்தில் ஒரு பங்குதான் சதை என்றால், கிடைப்பது 200 கிராம். அப்போது 100 கிராம் சதையின் விலை 300 ரூபாய். கடையில் விலை ஏறவே இல்லை. ஆனால் உங்கள் பர்ஸில் ஏறிவிட்டது!

நண்டு: காலண்டரை விட கையை நம்புங்க

நண்டு வளர வேண்டும் என்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் உடம்பு தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கும். புதிய ஓடு பெரிய அளவில் இறுகும். பிறகுதான் உள்ளே சதை மெல்ல மெல்ல நிறையும். ஓடு கழற்றிச் சில நாளே ஆன நண்டு, வெளியே பெரிதாகவும் உள்ளே காலியாகவும் இருப்பது இதனால்தான். இதைத்தான் 'தண்ணி நண்டு' என்கிறார்கள். சேற்று நண்டு வியாபாரத்தில் இப்படிப்பட்ட நண்டுகளை வாங்கி, குட்டையிலோ கூண்டிலோ சில வாரம் தீனி போட்டு, சதை பிடித்த பிறகு விற்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அதிகம் கிடைக்கும் நீலக்கால் நண்டு கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்யும். சில மாதங்களில் அது உச்சத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே ஒரே கூடையில் சதை நண்டும் இருக்கும், தண்ணி நண்டும் இருக்கும். "அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு காலி" என்று கடலோரத்தில் சொல்வார்கள். நிலாவைப் பார்ப்பதை விட நண்டையே பார்ப்பது நல்லது. எப்படிப் பார்ப்பது?

• ஒரே அளவுள்ள இரண்டு நண்டுகளைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமானதை எடுங்கள்.
• நண்டைத் திருப்பி, அடிப்பக்கத்து ஓட்டையும் பின்னங்காலின் தொடைப் பகுதியையும் விரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் சதை பிடிக்கவில்லை. கல் மாதிரி இருந்தால் நல்ல நண்டு.
• ஓடு பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் மங்கி, அழுக்கேறி, சிறு கிளிஞ்சல்கள் ஒட்டியிருந்தால், ஓடு கழற்றி நாளாகிவிட்டது, உள்ளே சதை நிறைந்திருக்கும் என்று அர்த்தம்.
• தயங்காமல் கேளுங்கள்: "அக்கா, இது தண்ணி நண்டா?" தினமும் கூடையைக் கையாளுகிறவர்களுக்குத் தொட்டாலே தெரியும்.

சினை நண்டு வேறு, முட்டை சுமக்கும் நண்டு வேறு

பெண் நண்டின் வயிற்று மடிப்பு அகலமாக, வட்டமாக இருக்கும். ஆண் நண்டுக்குக் குறுகலாக, கூம்பு போல இருக்கும். பெண் நண்டின் ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் சினை திரண்டிருக்கும் சமயம்தான் கொழுப்பும் ஒமேகா-3யும் அதிகம் இருக்கும் சமயம். கல்லீரல் போன்ற சுரப்பியில் சேர்த்து வைத்ததை எல்லாம் அது சினைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் முட்டை வெளியே வந்து, வயிற்று மடிப்புக்குக் கீழே பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. முதலில் மஞ்சளாகவும், பொரியும் நாள் நெருங்கும்போது கருத்தும் இருக்கும். இந்த நேரத்தில் அந்த நண்டு தன் சேமிப்பில் பெரும்பகுதியை முட்டைக்குக் கொடுத்து முடித்திருக்கும். நமக்குக் கிடைப்பது குறைவு. ஆனால் கடலுக்கு ஏற்படும் இழப்பு பெரிது. ஒரே நண்டு பல லட்சம் முட்டைகளைச் சுமக்கும். ஆகவே வெளியே முட்டை தெரியும் நண்டை வாங்காதீர்கள். அதற்குக் கேட்க ஆள் இல்லை என்றால், அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவதற்குப் பிடிப்பவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

இறால், கணவாய்: சத்து தலையிலா, உடம்பிலா?

இறால் தன் கொழுப்பைச் சேமிப்பது தலையில் இருக்கும் சுரப்பியில். பருவத்துக்கு ஏற்ப அதிகம் மாறுவதும் அந்தப் பகுதிதான். நாம் உரித்துச் சாப்பிடும் உடம்புச் சதை பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும். தலையோடு வைத்த குழம்பு தனி ருசியாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஆனால் முதலில் கெட்டுப்போவதும் தலைதான். தலை கருத்து, உடம்பிலிருந்து தளர்ந்து தொங்கினால் அந்த இறால் பிடித்து நேரமாகிவிட்டது.

கடையில் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கிடைக்கும் வன்னமை இறால் பண்ணையில் வளர்வது. இந்தியாவில் 2009 முதல் பரவலாக வளர்க்கிறார்கள். அதன் கொழுப்புச் சத்தைத் தீர்மானிப்பது கடலின் பருவம் இல்லை, போடும் தீவனம். மீன்பிடித் தடைக்காலத்திலும் தடையில்லாமல் கிடைப்பதால், புரதத்துக்கு இது ஒரு நல்ல மாற்று.

கணவாயும் கடம்பாவும் கொழுப்பைக் குடல் பகுதியில் இருக்கும் சுரப்பியில் வைத்திருக்கும். சுத்தம் செய்யும்போது அதை எறிந்துவிடுகிறோம். அதனால் நாம் சாப்பிடும் வெள்ளைச் சதையில் பருவ மாற்றம் குறைவு. முட்டையிட்டு முடித்த கணவாயின் சதை மட்டும் தளர்ந்து, நீர்த்துப்போய் இருக்கும். அழுத்தினால் திரும்ப எழும்பும் உறுதியான சதையைப் பார்த்து வாங்குங்கள். இறாலிலும் கணவாயிலும் கொலஸ்ட்ரால் கொஞ்சம் அதிகம், ஆனால் நிறை கொழுப்பு மிகக் குறைவு. இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிப்பி, மட்டி, ஆளி: மழைதான் கடிகாரம்

பருவ மாற்றம் பளிச்சென்று தெரிவது இவற்றில்தான். ஐரோப்பாவில் மே முதல் ஆகஸ்ட் வரை ஆளி சாப்பிடக் கூடாது என்று ஒரு பழைய வழக்கு உண்டு. அங்கே கோடையில்தான் அது முட்டையிடும், சதை மெலியும். அந்த வழக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம்ம கடலுக்குக் கடுங்குளிர் இல்லை, இங்கே காலத்தைப் பிரிப்பது மழை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கத்துப் பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் இது அதிகமாக முட்டையிடும். முட்டையிடுவதற்கு முன்பு ஓடு நிறையச் சதை இருக்கும். சேர்த்து வைத்த கிளைகோஜன் முட்டைக்கான கொழுப்பாக மாறியிருக்கும். முட்டையிட்டு முடித்ததும் சதை மெலிந்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு நீர்த்துப்போகும். பிறகு தீனி கிடைக்கக் கிடைக்க மறுபடி சதை பிடிக்கும்.

கிழக்குக் கரையில் பழவேற்காடு ஏரியிலும், பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்று முகத்துவாரத்திலும் கிடைக்கும் மட்டி, ஆளிக்கு வடகிழக்குப் பருவமழைதான் திருப்புமுனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்று வெள்ளம் வந்து கலந்தால் உப்புத்தன்மை சட்டென்று இறங்கும். உப்பு ரொம்பக் குறைந்தால் மட்டி ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் வரை தீனி இல்லை, சேமிப்பைத் தின்றுதான் உயிர் வாழும். இன்னொன்றும் நடக்கும். கடல் உப்பைச் சமாளிக்க இவை உடம்பில் சில அமினோ அமிலங்களை வைத்திருக்கும். நாக்கில் இனிப்பாகத் தெரிவது அவைதான். தண்ணீரில் உப்பு குறைந்தால் அவற்றையும் குறைத்துக்கொள்ளும். வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய மட்டி சப்பென்று இருப்பதற்குக் காரணம் உங்கள் மசாலா இல்லை!

சத்தை விட முக்கியமான விஷயம்

சிப்பி, மட்டி, ஆளி மூன்றுமே தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அவற்றின் உடம்பிலும் சேரும். வெள்ள நாட்களில் கழிவுநீரும் கிருமிகளும் கடல் முகத்துவாரத்துக்கு வரும். கனமழை பெய்து, தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாட்களில் முகத்துவாரத்தில் பொறுக்கிய மட்டியைத் தவிர்ப்பதுதான் நல்லது.

இதைவிட ஆபத்தானது நச்சுப் பாசி. சில நுண்பாசிகள் திடீரென்று பெருகும்போது அவற்றின் நச்சு சிப்பிக்குள் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, சாப்பிடும் மனிதருக்கு ஆகும். 1981-ல் தமிழ்நாட்டில் வயலூரில் மட்டி சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டு, 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளாவின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் உயிரிழந்தார்கள். அதே பழுப்புச் சிப்பிதான் நம் குமரிக் கரையிலும் வளர்கிறது.

இந்த நச்சு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் போகாது. பார்த்தும் முகர்ந்தும் கண்டுபிடிக்க முடியாது. மண்டபம், பாம்பன் பக்கம் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் பாசி படர்ந்து, கடல் பச்சையாக மாறுவதுண்டு. 2019 செப்டம்பரில் அப்படி நடந்தபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. எல்லாப் பாசிப் பெருக்கமும் மனிதருக்கு நஞ்சு இல்லை. ஆனால் எது நஞ்சு என்று கரையில் நின்று சொல்ல முடியாது. ஆகவே கடல் பச்சை, சிவப்பு, பழுப்பு என்று நிறம் மாறியிருந்தாலோ, மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தாலோ அந்தப் பகுதிச் சிப்பியும் மட்டியும் வேண்டவே வேண்டாம்.

சிப்பியோ மட்டியோ சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போனால், பேச்சு குழறினால், மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். "சிப்பி சாப்பிட்டோம்" என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடச் சாப்பிட்டவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

தடைக்காலமும் உங்கள் தட்டும்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆண்டுக்கு 61 நாட்கள். மீன்களும் இறால், நண்டு, கணவாயும் இனப்பெருக்கம் செய்து பெருக இந்த இடைவெளி. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் உள்ளூர் நண்டும் இறாலும் கொஞ்சம் கிடைக்கும், விலை கூடும்.

இந்த நாட்களில் கடைக்கு வருவதில் ஒரு பகுதி உறைய வைத்த சரக்காக இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். சரியாக உறைய வைத்தால் புரதம் குறையாது. சத்து போவது உருக்கும்போதுதான். வெயிலிலோ வெந்நீரிலோ போட்டு உருக்கினால் வடியும் தண்ணியோடு பி வைட்டமின்களும் தாது உப்புகளும் போய்விடும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக்குங்கள்.

கடல் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில நாடுகளில் இது விலை உயர்ந்த உணவு. ஆனால் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம்.

சமையலறையில்

• மட்டி, சிப்பியை வேக வைக்கும் முன் பாருங்கள். ஓடு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் லேசாகத் தட்டுங்கள். மூடிக்கொள்ளாததை எறிந்துவிடுங்கள்.
• வெந்த பிறகும் ஓடு திறக்காததைச் சாப்பிடாதீர்கள். திறந்த பிறகும் சில நிமிடம் கொதிக்கட்டும்.
• சேற்று நண்டை உயிரோடு வாங்குவதே நல்லது.
• கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்களுக்கு நன்றாக வேக வைத்தே கொடுங்கள்.
• இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு, தடிப்பு, வீக்கம் வருபவர்களுக்கு இது அலர்ஜி. நன்றாக வேக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அலர்ஜி தரும் புரதம் வெந்தாலும் அப்படியே இருக்கும்.

உங்கள் செல்போனில்

• இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் பார்க்க, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது.
• பாக்கெட்டில் வரும் கடல் உணவில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். கெட்டுப்போன சரக்கை விற்றால் அதிலேயே புகாரும் கொடுக்கலாம்.
• தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்ப: 94440 42322. கடையின் பெயர், முகவரி, நாள், முடிந்தால் புகைப்படம் சேர்த்து அனுப்புங்கள்.
• உடல்நல ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

வாங்கப் போகும் முன் இந்த நான்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நண்டு என்றால் கனமும் அழுத்தமும் பாருங்கள். வெளியே முட்டை தெரிந்தால் வேண்டாம். இறால் என்றால் தலையைப் பாருங்கள். சிப்பி, மட்டி என்றால் கடந்த சில நாட்களில் அந்தக் கரையில் வெள்ளம் வந்ததா, கடல் நிறம் மாறியதா என்று கேளுங்கள். விற்பவருக்கே பதில் தெரியவில்லை என்றால், அன்றைக்கு இறால் வாங்கிட்டு வாங்க!